ரப்பர் கொட்டையில் போட்ட ஓட்டு

ரப்பர் தோட்டத்து ஸ்டோரின் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கு விரித்திருக்கிறது. சாக்கின்மேல் இரண்டு குவியலாக ரப்பர் கொட்டைகள். சுற்றிலும் ஆண்களும் பெண்களும் குந்தியிருக்கிறோம். புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாடை மூக்கில் ஏறுகிறது. யாரோ ஒருவர் ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சிரிக்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அதனால்தானோ என்னவோ, இத்தனை வருஷம் கழித்தும் அது காதில் இருக்கிறது.

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த என் கல்யாணக் கதையைப் படித்த வாசகர் ஒருவர், “அம்மா, நீங்கள் எந்தக் கட்சி?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். தேர்தல் காலம், கேட்கத்தான் செய்வார்கள். ஈப்போவில் எங்கள் தெருவில் காலையில் ஒரு கட்சியின் லாரி கத்திக்கொண்டு போகிறது, சாயங்காலம் இன்னொரு கட்சியின் லாரி கத்திக்கொண்டு வருகிறது. நடுவில்தான் நான் தூங்க வேண்டியிருக்கிறது.

அவருக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் ஒரே வரியில் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். செமோர் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

மேடும் பள்ளமும்

எங்கள் தோட்டம் செமோரைத் தாண்டி, சுண்ணாம்பு மலைகளுக்கு அடியில் இருந்தது. தோட்டத்தில் ஆட்கள் குடியிருந்த லயங்கள் இரண்டு இடத்தில் இருந்தன. மேட்டு லயத்துக்குக் கிணறு உண்டு. பள்ளத்து லயத்துக்குக் கால்வாய்தான். மேட்டில் துவைத்த அழுக்கும் மாட்டுக் கொட்டகை கழுவிய நீரும் அந்தக் கால்வாயில்தான் இறங்கும். அதைத்தான் அவர்கள் காய்ச்சியும் காய்ச்சாமலும் குடித்தார்கள்.

நான் மேட்டு லயத்துக்காரி. என் வீட்டுக்காரர் பெரிய கங்காணிக்குத் தூரத்துச் சொந்தம். ஊரிலிருந்து ஆள் கட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் கங்காணி. தோட்டத்துக் கடை அவருடையது, கோயில் முதல் மரியாதை அவருக்கு. துரையிடம் எங்களுக்காகப் பேசுகிறவரும் அவர்தான். அவர் பேசாததை நாங்கள் பேச முடியாது.

ஆரோக்கியம் அக்கா பள்ளத்து லயம். ஆளுக்கு ஒரு நிரை மரம் பால் வெட்டக் கொடுப்பார்கள். என் நிரை முடிகிற இடத்தில் அவளுடைய நிரை தொடங்கும். வெட்டி முடித்துப் பால் சொட்டுகிற நேரத்தில், எல்லையில் நின்ற ஒரு மரத்தடியில் இரண்டு பேரும் பசியாற உட்காருவோம். அவள் கருவாடு கொண்டுவருவாள், நான் பழைய சோறு கொண்டுபோவேன். நான் இந்துக்காரி, அவள் வேதக்காரி. கருவாட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கத்தி பிடிக்கவே வராது. பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்திவிட்டு அழுவேன். அவள்தான் தன் வேலையை விட்டுவிட்டு வந்து, காயத்தில் மண்ணைக் குழைத்துப் பூசி, மேற்பார்வை பார்க்கிற மண்டோர் கண்ணில் படாமல் மறைத்துவிடுவாள். வாய்க்குள்ளேயே கோயில் பாட்டு முனகிக்கொண்டிருப்பாள். அந்த முனகல் கேட்டால்தான் எனக்குக் காட்டுக்குள் பயம் போகும்.

அவளுக்கு லூர்து என்று ஒரு பெண்குழந்தை இருந்தது. நடக்கப் பழகி, என் பெயரை அரைகுறையாகச் சொல்லப் பழகிய சமயத்தில் வயிற்றுப்போக்கு வந்து இரண்டே நாளில் போய்விட்டது. கால்வாய்த் தண்ணீர்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அக்காவின் நிரை முடிகிற ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். மேலே ஒரு மரச்சிலுவை. தினமும் காலையில் மரம் வெட்டப் போகிறவள், முதலில் அந்தக் குழிமேல் விழுந்திருக்கிற சருகையும் கொட்டையையும் கையால் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள்.

கட்சி பிறந்த கதை

பெரிய துரை சீமைக்கு லீவில் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் சின்ன துரை. வெயில் பட்டு மூக்குத் தோல் உரிந்துபோன இளவயசு மனிதர். நல்லவர். நல்லவர்களால்தான் சில சமயம் பெரிய வம்பெல்லாம் வருகிறது.

ஒருநாள் விடிகாலை, பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுத்து முடித்ததும் அவர் பேசினார், ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி தமிழில் சொன்னார். இனிமேல் ஆட்களே தங்களில் ஒருவரைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அவர் மாதம் ஒரு தடவை ஆபீசுக்கு வந்து குறையைச் சொல்லலாம். செக்ரோல் என்கிற ஆள்பதிவில் பெயர் இருக்கிற அத்தனை பேருக்கும் ஓட்டு உண்டு, பெண்களுக்கும் உண்டு. அந்தக் கடைசி வரியைக் கிராணி கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். ஆண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு.

ஓட்டு என்பதையே நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம். அன்று சாயங்காலத்துக்குள் கட்சி இரண்டாகிவிட்டது. மேட்டு லயத்துக்குக் கங்காணியின் மைத்துனர் மாரிமுத்து. பள்ளத்து லயத்துக்கு ஆரோக்கியம் அக்காவின் புருஷன் சூசை அண்ணன்.

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, “நாம மேட்டுக் கட்சி” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். கங்காணி சொன்னார் என்றார். நம்மைக் கேட்டார்களா என்றேன். சோற்றைப் போடு என்றார். எங்கள் வீட்டில் கட்சி சேர்ந்த கதை அவ்வளவுதான்.

தனி மரம் தோப்பாகாது

கட்சி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

லூர்து செத்துப்போன பிறகு, பள்ளத்து லயத்தில் ஒரு மனிதர் தனியாக ஆபீஸ் வாசலில் போய் நின்று தண்ணீர் கேட்டார். அடுத்த நாள் அவரை லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். தலையில் ஒரு மூட்டையோடு அவர் போனதை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

அதே வார்த்தையைச் சூசை அண்ணன் சொன்னபோது பின்னால் ஒரு லயமே நின்றது. “மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்லா. மொதல்ல ஒரு பைப்பு” என்பார். அவருக்குப் பேச்சே வராது, அவ்வளவுதான் அவருடைய பிரசங்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பள்ளத்து லயத்து முற்றத்தில் பாய் விரித்துப் பேசுவார்கள். ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தண்ணீர் குடிக்காத சாதிக்காரர்கள் எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்திருந்ததை நான் மேட்டிலிருந்து பார்த்தேன். பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போய் உட்கார எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

ஆனால் நான் மேட்டுக் கட்சி. எங்கள் கட்சியில் சுருட்டும் வெற்றிலையும் உண்டு. மாரிமுத்து, “கங்காணி பேச்சக் கேட்டா எல்லாரும் செனாங்கா இருக்கலாம்” என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். செனாங் என்றால் மலாயில் சுகம். மேட்டில் ஏற்கெனவே கிணறு இருந்தது, அதனால் சுகத்துக்குக் குறைவில்லை.

நெருப்புக் கேட்கப் போன இடம்

மற்றதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

அதுவரைக்கும் அடுப்பு அணைந்துபோனால் கங்கு கேட்டு எந்த வீட்டுக்கும் போவோம். கட்சி வந்த பிறகு, மேட்டுக் கங்கு பள்ளத்துக்குப் போகக் கூடாது என்றாயிற்று. சாணைக்கல் இரவல் நின்றது. ஒரு வளைகாப்புக்குப் பாதிப் பேர் போகவில்லை, வளையல்காரரின் பெட்டியில் பாதி வளையல் அப்படியே இருந்தது. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளின் தூளிகளைக்கூட மேடு ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்டினார்கள். தூளியில் கிடந்ததுகளுக்கு என்ன கட்சி? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் கூத்தாடியும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. இரண்டுபட்டதுதான் மிச்சம்.

என்னையும் அக்காவையும் பேசக் கூடாது என்றார்கள். காட்டுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? எல்லை மரத்தடியில் நாங்கள் பசியாறிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் ஓட்டைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. அவள் புருஷன் நிற்கிறார், என் புருஷன் எதிர்க்கட்சி. அந்தப் பேச்சைத் தொட்டால் கருவாடு தொண்டையில் இறங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கையில் ஒரு கொட்டை

கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் எங்களில் குறைவு. அதனால் சின்ன துரை ஒரு வழி கண்டுபிடித்தார். அது காய் வெடிக்கிற காலம். வெயில் ஏறினால் ‘படக் படக்’ என்று உச்சியில் காய் வெடித்து, கொட்டை தகரக் கூரைமேல் வந்து விழும். ஆளுக்கு ஒரு கொட்டை கொண்டுவர வேண்டும். ஸ்டோருக்குள் சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு பால் வாளி. சிவப்புத் துணி கட்டியது மாரிமுத்துவுக்கு, வாழை நார் கட்டியது சூசை அண்ணனுக்கு. இஷ்டப்பட்ட வாளியில் போட்டுவிட்டு வரலாம், யார் எதில் போட்டார்கள் என்று சாமிக்குத்தான் தெரியும் என்றார்.

கொட்டையெல்லாம் ஒன்று போலத்தானே என்று அவர் நினைத்தார். பாவம், அவர் மரம் வெட்டியவர் இல்லை. ஒரு மரத்துக் கொட்டை மாதிரி அடுத்த மரத்துக் கொட்டை இருக்காது. ஒன்று உருண்டை, ஒன்று சப்பை. ஒன்றில் புள்ளி, ஒன்றில் கோடு. அதே மரத்தில் எத்தனை வருஷம் காய்த்தாலும் அதே கோலம்தான். தினமும் அந்த மரங்களையே சுற்றுகிறவர்களுக்கு அது சொந்தப் பிள்ளைகளின் முகம் மாதிரி.

இது எங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவரவர் நிரையில் குனிந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனோம்.

நான் இன்னும் மோசம். அழகானதாகத் தேடி எடுத்தேன். எங்கள் எல்லை மரத்துக் கொட்டைக்குப் பூனை முதுகு மாதிரி வரி இருக்கும். அந்த மரம் என் நிரையைச் சேர்ந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து, கைக்குள் பொத்திக்கொண்டேன்.

திரைக்குப் பின்னால் போனேன். வீட்டுக்காரரின் முகம் ஞாபகம் வந்தது, கங்காணியின் முகமும் வந்தது. அப்புறம், அரைகுறையாக என் பெயரைச் சொன்ன லூர்துவின் முகம் வந்தது. வாழை நார் வாளியில் போட்டேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறந்ததிலிருந்து என்னை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. முதல் தடவை கேட்டார்கள், நான் சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது ஓர் அடி உயரமாகிவிட்டது போல இருந்தது.

சாக்கின் மேல்

கொஞ்ச வித்தியாசத்தில் சூசை அண்ணன் ஜெயித்தார். சின்ன துரை அவருக்குக் கை கொடுத்தார். கொட்டைகளைத் தனித்தனிக் குவியலாக அப்படியே எல்லாருக்கும் காட்டச் சொல்லிவிட்டு, கிராணியோடு ஆபீசுக்குப் போய்விட்டார்.

நாங்கள் சுற்றிக் குந்தினோம். குனிந்து பார்த்த ஒரு வயசாளி, “அட, இது பாறை ஓரத்து மரமாச்சே” என்று ஒன்றை எடுத்தார். இன்னொருவர், இது இடி விழுந்த மரம் என்றார். கட்சி மறந்துபோயிற்று. ரொம்ப நாளைக்குப் பிறகு மேடும் பள்ளமும் ஒன்றாகச் சிரித்தது. மரத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி, ஆளாளுக்குக் கொட்டையை எடுத்துக் காட்டினார்கள்.

அப்புறம் அந்த வயசாளி வாழை நார்க் குவியலில் ஒன்றை எடுத்து, “இது வீரம்மா நிரைல்ல?” என்றார்.

வீரம்மா எங்கள் மேட்டு லயத்துப் பெண். சிரிப்பு அறுந்தது. அவள் புருஷன் எழுந்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனான். அந்தப் பெரியவரின் கை அப்படியே நின்றுவிட்டது. என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்கும்தான்.

மாரிமுத்து எழுந்து நின்றார். இப்போது அவர் விளையாட்டாகப் பார்க்கவில்லை. வாழை நார்க் குவியலைக் காலால் பரப்பினார். பூனைவரிக் கொட்டை உருண்டு சாக்கின் ஓரத்தில் வந்து நின்றது. அவர் அதை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். என் வீட்டுக்காரர் கொட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போது ஆரோக்கியம் அக்கா எழுந்தாள்.

“அது நான் போட்டது” என்றாள். “பசியாறயில மாத்திக்கிட்டோம். அவ கொட்டை பாக்க அழகா இருந்திச்சு, குடு புள்ளன்னு வாங்கிக்கிட்டேன். என் கொட்டை அவகிட்ட இருந்திச்சு. நம்பிக்கை இல்லன்னா அந்தப் பக்கம் தேடிப் பாருங்க.”

மாரிமுத்து சிவப்புத் துணிக் குவியலில் தேடினார். இருந்தது. சின்னதாக, கறுத்து, இரண்டே புள்ளியோடு. எனக்கு அது நன்றாகத் தெரியும். லூர்துவின் குழிமேல் நிழல் விழுத்துகிற மரத்துக் கொட்டை அது.

“ஆமா, மாத்திக்கிட்டோம்” என்றேன்.

என் வீட்டுக்காரர் மூச்சு விட்டார். சூசை அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார், இந்தப் பொம்பளைங்க கொட்டையிலயும் அழகு பாக்குதுங்க என்றார். ஸ்டோரில் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

நம்பாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஏனென்றால் நாங்கள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் என் கட்சியை விட்டு அவள் புருஷனுக்குப் போட்டிருந்தேன். அவள் தன் புருஷனை விட்டு மாரிமுத்துவுக்குப் போட்டிருந்தாள். ஒரு ஓட்டுக்கு ஒரு ஓட்டு சரியாகிப்போயிற்று. சொல்லப்போனால் நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஸ்டோர் பக்கமே வந்திருக்க வேண்டாம்.

குழாய் வந்தது

பைப்பு வந்தது. அதை மறைக்கக் கூடாது. சூசை அண்ணன் ஆபீசில் போய்க் கேட்டார், சின்ன துரை மலையடி ஊற்றிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்தார். முதல் தண்ணீர் துரு நிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது. பள்ளத்து லயமே சுற்றி நின்று முகம் கழுவியது. அதற்குப் பிறகு அங்கே வயிற்றுப்போக்கில் பிள்ளை செத்ததாக நான் கேள்விப்படவில்லை. கட்சியால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தக் குழாயைத்தான் காட்டுவேன்.

பிறகு பெரிய துரை லீவு முடிந்து வந்தார். கங்காணி அவர் காதில் என்ன ஓதினாரோ, அந்த ஏற்பாடே ரத்தாயிற்று. சூசை அண்ணனின் குடும்பத்தைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். பாயில் உட்கார்ந்து பேசியவர்களில் பாதிப் பேர் அதற்குள் மேட்டுக் கட்சிக்கு வந்துவிட்டிருந்தார்கள். மீதிப் பேர் ஒருநாள் வேலைக்குப் போகாமல் நின்று பார்த்தார்கள். முடியவில்லை. பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சூசை அண்ணனும் அக்காவும் அங்கே கிளம்பினார்கள்.

போகிற அன்று விடியும் முன்பே அவள் எல்லை மரத்தடிக்கு வந்திருந்தாள். தூரத்தில் ஈயச் சுரங்கக் குளத்தில் ஈயக் கப்பல் மண் வாருகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் நான்தான் கேட்டேன்.

“ஏன்க்கா அண்ணனுக்குப் போடல?”

“அவரு ஜெயிச்சா எங்கள இங்க வச்சிருப்பாங்களா? புள்ளய இங்க விட்டுட்டு நான் எங்க போறது?” என்றாள். பிறகு, “நீ ஏன் புள்ள எங்களுக்குப் போட்ட?”

“உங்களுக்கு நல்ல தண்ணி வேணும்லக்கா.”

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டவள், “கொட்டை ரொம்ப விழும். அப்பப்பப் பொறுக்கிப் போட்ரு” என்றாள். “வாரேன்” என்று சொல்லித்தான் போனாள். வரவில்லை. அவளைப் பற்றி ஒரு சேதியும் எனக்குக் கிடைக்கவில்லை. லூமுட் பக்கம் போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், தென்னந்தோட்டத்திலேயே இருந்தார்கள் என்று இன்னொருவர் சொன்னார்.

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வரும்வரை நான் தினமும் கொட்டை பொறுக்கினேன். கல்லறைத் திருநாளில் பள்ளத்துக் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் அந்தச் சிலுவையைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றுவேன். மேட்டுக்காரி பள்ளத்துக் குழாயில் ஏன் தண்ணீர் பிடிக்கிறாள் என்று கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று சொல்லிவிட்டேன். அந்தத் தோட்டமும் இப்போது துண்டு துண்டாக விற்றுப்போய்விட்டது. அந்தக் குழியைத் தேடிப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

பதில்

வாசகரே, எந்தக் கட்சி என்று கேட்டீர்கள். இந்த நாட்டில் தேர்தல் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட நான் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. கட்சிகள் வேண்டும். தனியாகப் போய்த் தண்ணீர் கேட்டவர் மூட்டையோடு போனதைப் பார்த்தவள் நான். ஆனால் நெருப்பு எடுக்கக்கூட அடுத்த வீட்டுக்குப் போக விடாத கட்சி எதுவாக இருந்தாலும் அது என் கட்சி இல்லை.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் தாள் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தாள். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டால் யாருடையது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அது ரொம்ப நல்லது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தாளை மடிக்கும்போது எனக்கு ஆரோக்கியம் அக்காவின் ஞாபகம் வருகிறது. நான் எதற்காகப் போட்டேன் என்று அவளுக்குத் தெரியும், அவள் எதற்காகப் போட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தி எனக்கு மறுபடி கிடைக்கவே இல்லை.